அடைப்புக்குறியை முதலில் மூடும் அக்கா

குடியாத்தத்தில் ரயில் ஏறிய அந்த அக்கா, உட்காரும் முன்பே என்னைப் பார்த்து, "அரக்கோணத்துல எறங்கிடுவேம்மா, வர்றேன்" என்று விடைபெற்றுக்கொண்டார். நான் முழித்தேன். கொண்டையில் பேனா செருகியிருந்தார். கட்டம் போட்ட கைலித் துணியில் தைத்த உறையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். கணக்குப் புத்தகங்களுக்குச் சமன்பாடுகளை அச்சுக்கோத்துத் தருவது அவர் வேலையாம்.

என் மடியிலிருந்த லேப்டாப்பிலும் அவர் திறந்த அதே லேடெக் மென்பொருள்தான். கட்டளைகளாகத் தட்டினால் சமன்பாட்டை அழகாக அடுக்கித் தரும். சென்னை போய்ச் சேர்வதற்குள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் பேராசிரியருக்கு அனுப்பியாக வேண்டும். லேடெக்கோ எங்கோ பிழை இருக்கிறது என்று ஆம்பூரிலிருந்தே அடம்பிடித்தது.

அக்காவின் விரல்களைப் பார்த்தேன். பின்னமோ வர்க்கமூலமோ, அடைப்புக்குறியைத் திறந்த கையோடு மூடிவிட்டு, பிறகுதான் உள்ளே போய் எழுதினார்.

"இன்னாக்கா இது, எழுதறதுக்கு முன்னாடியே மூடிட்றீங்க?"

"முடிவ மொதல்ல வச்சிட்டா நடுவுல நிம்மதியா இருக்கலாம்மா. மறந்துட்டா ஒரே பேஜாரு."

சட்டென்று என் நீளமான இன்டக்ரல் சமன்பாட்டுக்குப் போனேன். திறந்த அடைப்பு ஒன்று மூடாமல் கிடந்தது. மூடினேன். அத்தியாயம் முழுசாக வந்து நின்றது. அப்புறம் வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும்தான்.

அரக்கோணத்தில் எழுந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார். கையசைக்க ஜன்னலோரம் நகர்ந்த எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் நினைவு வந்தது, குடியாத்தத்திலேயே சொல்லிவிட்டாரே!