மேடை வைத்த டீ வண்டி

பேருந்துப் பணிமனை வாசலில் பதினெட்டு வருடமாக டீ வண்டி தள்ளும் அக்காவிடம், பண்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்தார். வண்டியை மக்கள் கூடிப் பேசும் நடமாடும் பண்பாட்டு மையமாக மாற்றித் தரப்போவதாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அளவெடுத்தார்.

இரண்டு மாதத்தில் புது வண்டி வந்து இறங்கியது. புத்தக அலமாரி, ஒலிபெருக்கி, விரித்தால் மேடையாகும் பலகை எல்லாம் இருந்தன. அக்கா அதை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அடுப்பை எங்க வைக்கிறது?"

"புத்தகத்துக்குப் பக்கத்துல நெருப்பு ஆபத்துக்கா. டீயை வீட்லயே போட்டுக் கொண்டுவந்துடுங்க."

தள்ளிப் பார்த்தாள். நடமாடும் மையம் அசையவில்லை. நாலு மெக்கானிக்குகள் தோள் கொடுத்தபிறகு ஒரு முழம் நகர்ந்தது.

திறப்பு விழாவில் குழுத் தலைவர், டீயின் சமூகப் பங்கு பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். முடித்ததும், "ஒரு டீ கிடைக்குமாம்மா?" என்றார்.

அக்கா சாலையின் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். அங்கே அவள் புருஷன் பழைய வண்டியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்க வந்த கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. தலைவரும் போய் வரிசையில் நின்றார்.

வடிவமைப்பாளர் அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து, திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதினார். பிறகு அவரும் ஒரு டீ குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அடுத்த கட்டத்தில் சரிசெய்துவிடலாம் என்றார்.