சிவப்பு பட்டன் பக்கத்து நாற்காலி

முதலில் வெடித்ததா, இல்லை முதலில் நான் குனிந்தேனா?

பத்து நாளாக இதே கேள்விதான். பஸ்ஸில், சமையலறையில், மகள் நிலாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட.

நான் பவர் எலக்ட்ரானிக்ஸில் பி.எச்டி. செய்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். "அப்படியென்றால் மிக்ஸி ரிப்பேர் வருமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வராது அக்கா. மின்சாரத்தை வேண்டிய அளவில், வேண்டிய வடிவத்தில் மாற்றித் தரும் சர்க்யூட்டுகள்தான் எங்கள் வேலை. சோலார் பேனலுக்கும் வீட்டு ஃபேனுக்கும் நடுவில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்களே, அது. மின்சார பஸ்ஸுக்கு சார்ஜர் இருக்கிறதே, அது. எங்கள் ரிசர்ச் குரூப்பில் கைடு சாரையும் சேர்த்து ஏழு பேர். ஆறு பேர் பெங்காலிகள். ஏழாவது நான்.

லேபில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஹை வோல்டேஜ் டெஸ்ட்டை யாரும் தனியாகச் செய்யக்கூடாது. ஒருவர் பெஞ்சில் வேலை செய்தால், இன்னொருவர் சுவரில் இருக்கும் சிவப்பு பட்டன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஏதாவது தப்பாகப் போனால் ஒரே தட்டு, சப்ளை நின்றுவிடும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாஹாரா'. காவல் என்று அர்த்தம். பாஹாராவில் இருப்பவர் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, போனை டிராயரில் வைத்துவிட வேண்டும். கண் பெஞ்சின் மேல், கை பட்டன் அருகே. அவ்வளவுதான்.

டெஸ்ட் செய்கிறவர் திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்து நாம்தான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த நாற்காலி பிடிக்கும். காரணம் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது. லேபில் என்னை யாராவது தேடி வருவது அதற்கு மட்டும்தான்.

நிலா பிறந்து, லீவு முடிந்து திரும்பியதிலிருந்து இப்படித்தான் போகிறது. அவளை விடும் க்ரெச் தூரத்தில், பாலிகஞ்சில். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். நான் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்றவர்கள் ஐந்தரைக்கு கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போவார்கள். எந்தப் பேப்பரை எங்கே அனுப்புவது, யாருக்கு எந்த பெஞ்ச், சாருக்கு யார் மேல் கோபம்... எல்லாம் அந்த டீயில்தான் முடிவாகும். மறுநாள் காலையில் எனக்கு மட்டும் புதுச் செய்தி. "ஐயோ காயத்ரிதி, உனக்கு யாரும் சொல்லலையா?" இவர்களுக்கு நான் அக்கா. அதனால் 'தி'.

வீட்டுக்குப் போனாலும் பேச்சுத் துணை இல்லை. கணவருக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஷிப்ட் வேலை. நிலா, க்ரெச்சில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் மாஷியிடம் (சித்தி என்று அர்த்தம்) பெங்காலியில் கதை அளக்கிறாள். என்னிடம் வந்ததும் தமிழில் வார்த்தை தேடுகிறாள், கிடைக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுகிறாள். இரண்டரை வயதுக்காரியோடு மௌனமாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் நிலாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் நூறு. நூறு என்றால் ஜுரமா, இல்லையா? சிரப் கொடுத்து க்ரெச்சில் விட்டுவிட்டேன். படியிறங்கி, திரும்ப ஏறி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி இறங்கினேன்.

மத்தியானம் தேபாஞ்சன் வந்தான். நாலாவது வருஷ ஸ்காலர். எப்போதும் ஏதாவது கிண்டல்.

"காயத்ரிதி, அரை மணி நேரம் பாஹாரா உட்காருவியா? மத்தவங்க எல்லாம் மீன்கொழம்பு சாப்பிட்டுட்டு கண்ணு சொருகி உட்கார்ந்திருக்காங்க. தயிர்சாதக்காரி நீ ஒருத்திதான் முழிச்சிருக்கே."

"தயிர்சாதம்தான் அதிகமா தூக்கம் வரவைக்கும்," என்றேன்.

"அப்ப உன்னை நம்பி உட்கார்றேனே, என்னைச் சொல்லணும்."

உட்கார்ந்தேன். ஆனால் போனை டிராயரில் வைக்கவில்லை. சத்தத்தை அணைத்து, மடியில், துப்பட்டாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மாஷி கூப்பிட்டால்?

அறுநூறு வோல்ட் வரை ஏற்றிவிட்டான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மடியில் போன் அதிர்ந்தது. குனிந்தேன். 'மாஷி' என்று திரையில் படித்தேன். டப்பென்று ஒரு சத்தம்.

இந்த மூன்றும் எந்த வரிசையில் நடந்தன? நான் எழுதியிருப்பது ஒரு வரிசை. ஆனால் சில நாள் யோசிக்கும்போது, சத்தம் கேட்டு அதிர்ந்துபோய் குனிந்தேன் என்றும் தோன்றுகிறது. எனக்கு வேண்டிய வரிசையை நானே செய்துகொள்கிறேனோ?

நிமிர்ந்தபோது புகை. பட்டனைத் தட்டினேன். அதற்குள் தேபாஞ்சன் பெஞ்சின் குறுக்கே கையை நீட்டி, சப்ளையை அவனே அணைத்துவிட்டான். நீட்டியதில் மணிக்கட்டு, சூடேறிக் கிடந்த அலுமினியக் கட்டையில் பட்டுவிட்டது. மேலே சிவப்பாக ஒரு கோடு. இன்னும் நாலு விரல்கடை தள்ளிப் பட்டிருந்தால், அது சூட்டோடு போயிருக்காது. அங்கே இருந்தது அறுநூறு வோல்ட்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றான். குழாயடியில் அவன் கையில் தண்ணீர் விட்டேன். துப்பட்டாவுக்குள் போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தானா? தெரியாது.

பிறகு மாஷியைக் கூப்பிட்டேன். "நிலாவோட இன்னொரு பேன்ட் எந்தப் பையில வச்சிருக்கே?" என்று கேட்டார். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஜுரம் எப்போதோ இறங்கிவிட்டதாம்.

சாயங்காலம் லாக் புத்தகத்தில் தேபாஞ்சன் எழுதியிருந்ததைப் படித்தேன். 'சர்க்யூட்டின் இடது பக்க ஸ்விட்ச் வெடித்தது. பாஹாராவில் இருந்தவர் உடனே சப்ளையை நிறுத்தினார்.'

உடனே.

எங்கள் கருவி அந்த வெடிப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் தப்பு ஆரம்பித்தது என்று காட்டும். நேரம் இரண்டு பதினாலு, ஒன்பதாவது விநாடி. அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் ஓடுகிறது. என் போனைப் பார்த்தேன். மாஷியின் அழைப்பு, இரண்டு பதினாலு. விநாடி காட்டவில்லை.

இதற்கு மேல் எங்கே போய்த் தேடுவது?

சனிக்கிழமை குரூப் மீட்டிங். சார் லாக் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாஹாரா எதுக்குன்னு கேட்பீங்களே, இதுக்குத்தான். குட், காயத்ரி," என்றார். இந்த வருஷத்தில் அவர் என் பெயரைச் சொல்லி 'குட்' என்றது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் மௌமிதா கையைப் பிடித்தாள். இரண்டாவது வருஷம் படிக்கிறாள். "இன்னிக்கு நீ டீக்கு வர்றே. சாக்கு சொல்லக்கூடாது."

மாஷியிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எலுமிச்சை டீ, உப்பு தூவி. பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். "இவ கை மின்சாரத்தைவிட வேகம், தெரியுமில்ல?" என்றான் தேபாஞ்சன். டீயைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அரை மணி நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கணவரிடம் போனில் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல காயு? அப்புறம் என்ன?"

"உங்க யார்டுல கொடி காட்டறவர் அந்த நேரத்துல போனைப் பார்த்தா விடுவீங்களா?"

"அது வேற," என்றார்.

எப்படி வேறு? யோசித்துக்கொண்டே போனை வைத்தேன்.

திங்கட்கிழமை தேபாஞ்சனிடமே போனேன். "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு ஒரு ஸ்விட்ச் போச்சு. புதுசு வந்தாச்சு," என்று சொல்லி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். "பாரு, ஆறிடுச்சு." சொல்ல விடாமல் தடுத்தானா? இல்லை, நான் பட்டனைத் தட்டியதில்தான் சப்ளை நின்றது என்று உண்மையிலேயே நம்புகிறானா? அவன் என்னைக் காப்பாற்றியிருந்தால் நன்றி சொல்ல வேண்டும். தெரியாமல் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். எது என்று தெரியாமல் இரண்டையுமே செய்யாமல் இருக்கிறேன்.

சாரிடம் சொன்னால் பாஹாரா லிஸ்ட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார். மற்றவர்களுக்காக உட்காராதவருக்கு யார் வந்து உட்காருவார்கள்? என் டெஸ்ட்டுகள் நிற்கும். தீசிஸ் நிற்கும். தவறாக எழுதியதற்கு தேபாஞ்சனும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு அந்த டீக்கடைப் பெஞ்சில்... அதை விடுங்கள்.

இப்படியே இருந்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். நேற்று மௌமிதா வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குப் பெரிய டெஸ்ட். எண்ணூறு வோல்ட்.

"நீதான் உட்காரணும் காயத்ரிதி. எங்கம்மா பயந்து தினமும் போன் பண்றாங்க. காயத்ரிதி உட்காருவாங்க, கவலைப்படாதேன்னு சொல்லிட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுபடியும்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். லேபில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. என் தைரியமெல்லாம் இவ்வளவுதான்.

நீங்கள்தான் ஒரு யோசனை சொல்ல வேண்டும். சாரிடம் போய்ச் சொல்வதா? மௌமிதாவிடம் மட்டும் சொல்வதா? போனை டிராயரில் பூட்டிவிட்டு, வாயையும் பூட்டிக்கொண்டு உட்காருவதா? 'குழந்தைக்கு ஜுரம், எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்கு நானே நிறைய தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது.

மௌமிதாவின் அம்மா நீங்களாக இருந்தால் என்னிடம் என்ன சொல்வீர்கள்? அதை எழுதுங்கள்.