மேசைக்கு அடியில் ஹில்லா

ஹில்லா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாராவது கேட்டால் "என் மக அடிக்கிறா" என்று மட்டும் சொல்லி, இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொள்வாராம். அது பொய்யில்லை. கைப்பேசி விளையாட்டில் நீங்கள் பொத்தானைத் தட்டியதும் கோடரி போய்ப் பூதத்தின் விலாவில் இறங்குகிறதே, அது உறைக்கிற அடியா, தலையணையில் குத்தியதுபோல் சப்பென்ற அடியா என்று பார்ப்பவள் அவள்தான். ஹெல்சிங்கிக்கு வடக்கே தம்பெரேயில், அருவியை ஒட்டின பழைய பருத்தி ஆலையில் எங்கள் கம்பெனி. நான் ஆர்னோ, அங்கே ஒலிக்காரன். அவள் அடிப்பாள், நான் அதற்குச் சத்தம் சேர்ப்பேன்.

சத்தம் சேர்ப்பது சுலபம். கிழங்கைக் கோடரியால் பிளந்தால் எலும்பு, நனைந்த கம்பளிக் காலுறையைச் சானா என்கிற நீராவிக் குளியலறையின் சுவரில் அறைந்தால் சதை. ஹில்லாவின் வேலைதான் பேய் வேலை. ஒருநாள் காபி நேரத்தில் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"ஒரு அடியில அப்படி என்னதான்டி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லாத இடம் இருக்கு," என்றாள். கையிலிருந்த லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியை ஓங்கினாள். எங்கள் ஊரில் அந்த ரொட்டிக்குப் பெயரே செவிட்டறை. "கோடரி வருது, வருது, வருது... பட்டுச்சு. பட்ட உடனே எல்லாம் நிக்கணும். கோடரி, பூதம், நாயகி, பறக்குற ரத்தம், எல்லாமே. கண்ண மூடித் திறக்குறதவிடக் கம்மி நேரம். அந்த நிறுத்தம் இல்லன்னா காத்துல வீசுறாப்ல இருக்கும். கொஞ்சம் கூடிப்போச்சுன்னா போன் நின்னுபோச்சோன்னு ஆளு பயந்துருவான்."

சொன்னதோடு விட்டாளா? ரொட்டியால் என் காதில் ஒன்று வைத்து, பட்ட இடத்தில் கையை அப்படியே நிறுத்தினாள். வேலைநேரம் முடியும்வரை காதில் சர்க்கரை பிசுபிசுத்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

கட்டைவிரல்களைப் பற்றியும் அவளுக்குத் தீராத கவலை. இடது கட்டைவிரல் திரைக் கண்ணாடியில் எங்கே விழுகிறதோ அங்கேயே நாயகியை நடத்துகிற திசைக்குச்சி முளைக்க வேண்டும். விரல் அதைத் தேடிப் போகக் கூடாது. வலது விரல் அவசரப்பட்டு முன்கூட்டியே தட்டிவிட்டால், நாயகி அதை மனதில் வைத்துக்கொண்டு கை ஓய்ந்ததும் அடுத்த அடியை எடுக்க வேண்டும். "தட்டுனேன், அடிக்கல"ன்னு ஒருத்தன் சொன்னான்னா அவன் பொய் சொல்றான்னு நாம சொல்லக் கூடாது, நாமதான் பொய்யர்கள், என்பாள்.

ஆனால் அப்படி யார் சொன்னார்கள்? அதுதான் எங்கள் ஊரின் சாபக்கேடு. விளையாடிப் பார்க்க ஆட்களை வரவழைப்போம். வருவார்கள், வாசலில் பூட்ஸைக் கழற்றி வைப்பார்கள், கம்பளிக் காலுறையோடு வந்து உட்காருவார்கள், விளையாடுவார்கள். முகம் கல். எப்படி இருந்தது என்று கேட்டால் "பரவால்ல." தலையணையடிக்கும் பரவாயில்லை, இடியடிக்கும் பரவாயில்லை. வேறு ஊர்க்காரர்கள் கத்துவார்களாம், திட்டுவார்களாம், போனைக்கூட எறிவார்களாம். எங்கள் ஆட்கள் நன்றி சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹில்லா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் ஒரு டாங்கோ குழுவில் டிரம் வாசித்தவள். கோடையில் ஏரிக்கரை நடன மேடைகளில் சோடி சோடியாக ஆடுவார்கள், துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு. டிரம்முக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருந்தவளுக்கு முகத்தைவிடக் கால்கள்தான் நன்றாகத் தெரிந்தன. தாளம் சரியாக விழுந்தால் பாதம் தரையைக் கவ்வுமாம், தவறினால் குதிகால் தூங்குமாம். "நம்மாளுங்க பொய் சொல்றதெல்லாம் கழுத்துக்கு மேலதான்டா" என்பாள்.

ஆகவே எங்கள் அலுவலகத்தில் யார் விளையாடிப் பார்த்தாலும் ஹில்லா மடிக்கணினியோடு மேசைக்கு அடியில் போய்விடுவாள். அடி நன்றாக விழுந்தால் காலுறைக்குள் விரல்கள் சுருண்டு இறுகும். சப்பென்று போனால் அவிந்த கிழங்குபோல் கிடக்கும். விரலைப் பார்த்துப் பார்த்து, மேலே ஆட்டம் ஓடும்போதே, நிறுத்தத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். மேலே இருப்பவரிடம் "வயர் சரிபார்க்கிறோம்" என்று நான் சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் மேசைக்கடியில் ஒருத்தி இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர் தங்கம்.

முதலாளி யூர்கிக்கு இந்த மேசையடி வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. கலிபோர்னியாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பல் தெரியச் சிரிப்பான், அதைப் பார்த்தாலே எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஓரத்தில் ஒரு பொத்தான். அதைத் தட்டினால் நாயகி தானாகவே சண்டை போடுவாள்.

"ஜனங்களுக்குக் கைவலி ஹில்லா. ஒரு தட்டு தட்டிட்டுச் சூப் குடிக்கணும்னு நெனைக்குறாங்க."

"சூப் குடிக்கிறவனுக்கு எதுக்கு யூர்கி கோடரி?"

"வெள்ளிக்கிழமை மாரித் வர்றா. அவளே சொல்லட்டும்."

மாரித் என்பவள் ஹெல்சிங்கியில் எங்கள் விளையாட்டை வெளியிடப் போகிற நிறுவனத்தின் ஆள். விளையாடுபவரே போடும் சண்டையா, தானியங்கியா என்பது அவள் வாயில் இருந்தது. தானியங்கி என்று சொல்லிவிட்டால் ஹில்லா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செதுக்கிய அத்தனை அடியும் குப்பைக்குப் போகும். அவளும் திரும்பிப் போய் டாங்கோதான் வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாரித் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், முகத்தில் ஒரு சலனம் கிடையாது. எங்கள் தேசத்துக் கல்லிலேயே முதல்தரக் கல். பூட்ஸைக் கழற்றினாள். ஹில்லா ஏற்கெனவே மேசைக்கடியில் தயார். அந்த நேரம் பார்த்து யூர்கிக்கு உபசாரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தரை ஜில்லுன்னு இருக்கும் மாரித். இந்தாங்க!"

தடித்த கம்பளிச் செருப்பு. கணுக்கால்வரை மூடுகிற ஜாதி. மாரித் நன்றி சொல்லி இரண்டு காலையும் உள்ளே விட்டாள். மேசைக்கடியிலிருந்து "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"வயர் பாக்குறோம்," என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. சதுப்புப் பூதங்கள் வந்தன, விழுந்தன. மாரித்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. என் கைப்பேசியில் ஹில்லாவின் செய்தி வந்து விழுந்தது: "ஹீட்டரைக் கூட்டு. புழுங்கட்டும். கழட்டிடுவா."

போய்க் கூட்டினேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகினேன். அறை கொதித்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்தது, யூர்கி வெந்த நண்டுபோல் சிவந்தான், என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். நடக்கப் பழகுமுன்னே சானாவில் உட்காரப் பழகினவளை ஹீட்டர் போட்டு விரட்டமுடியுமா? மாரித் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இதமா இருக்கு," என்றாள். வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் பாராட்டு அது, அதுவும் ஹீட்டருக்கு.

எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் வேலை போகும், சிரிக்காவிட்டால் உயிர் போகும் என்கிற நிலை. ஹில்லாவிடமிருந்து அடுத்த செய்தி: "நிறுத்தத்த குருட்டாம்போக்குல வச்சிருக்கேன். சாகப்போறேன்."

அப்போது சுத்தியல் பூதம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் கொசு என்றால் இது யானை. மாரித் ஒரு அடி வாங்கினாள், தப்பி உருண்டாள், மறுபடி வாங்கினாள். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சண்டைக்கு இறங்கினவளுக்குத் தரை வேண்டியிருந்தது போலிருக்கிறது, காலை ஒரு உதறு உதறினாள். வலது செருப்பு பறந்து போய் ஹில்லாவின் மூக்கில் மோதியது. மேசைக்கடியிலிருந்து தடாலென்று ஒரு இடி. அது ஹில்லாவின் மண்டை.

"வயர்," என்றேன்.

நானும் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, ஹில்லா அந்தச் சாம்பல் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பாதி சுருள்வதும் விடுவதுமாக இருந்தன. தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே போய்க்கொண்டிருந்தது. பூதம் பெரிதாகிவிட்டது, நிறுத்தம் மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது. ஹில்லா ஒரு இழை கூட்டினாள். இன்னும் ஒரு இழை. மேலே கோடரி விழுந்தது.

ஐந்து விரலும் தரையைக் கவ்வின. காலுறை முண்டு முண்டாகப் புடைத்தது. அடுத்த அடி, மறுபடி கவ்வல். ஹில்லா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், என்னைக் கிள்ளினாள், நானும் அவளைக் கிள்ளினேன். அவ்வளவு சந்தோஷத்தை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பூதம் சாய்ந்தது. மாரித் போனை மேசையில் வைத்தாள்.

"பரவால்ல," என்றாள்.

யூர்கிக்கு அதுவே போதுமாயிருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். "சலிப்பாத்தான் இருக்கும், எனக்கும் தெரியும். அதுக்குத்தான் இதப் பாருங்க!" ஓரத்துப் பொத்தானைத் தட்டினான். நாயகி தானாகவே ஓடினாள், தானாகவே வெட்டினாள், பூதங்கள் வரிசையாக விழுந்தன. மாரித் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கீழே விரல்கள் அவிந்த கிழங்காகிவிட்டன.

ஹில்லா அதற்குமேல் பொறுக்கவில்லை. மூக்கு சிவக்க, தலை கலைய, மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள்.

மாரித் அவளைப் பார்த்தாள். "வயரா?"

"இல்லைங்க. உங்க கால்விரலைப் பாத்துட்டிருந்தேன். அதைப் பாத்து ஆட்டத்த நடுவுல மாத்தினேன். மன்னிச்சுக்கங்க."

யூர்கியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் எனக்கும் டாங்கோ வருமா என்று யோசித்தேன்.

"எங்க மாத்தின?" என்றாள் மாரித்.

"சுத்தியல் பூதத்துல. அடி பட்டதும் நிக்கிறத ரெண்டு இழை கூட்டினேன். ரொம்பக் கொஞ்சம். கண்ணுக்கே தெரியாது."

"முதல்ல ரெண்டு மூணு அடி சும்மா போச்சு. அப்புறம்," என்று மாரித் தன் வலது கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள், "இங்க வந்து இறங்குச்சு. என் கை பழகிருச்சுன்னு நெனச்சேன். நீதானா அது?"

ஹில்லா தலையை மட்டும் ஆட்டினாள்.

மாரித் யூர்கி பக்கம் திரும்பினாள். திரையில் நாயகி இன்னும் யாருக்காகவும் இல்லாமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். "இந்தப் பொத்தான எடுத்துடு யூர்கி. இது அடிக்குறப்போ எனக்கு ஒண்ணும் படலை."

சொல்லிவிட்டு இடது செருப்பையும் கழற்றினாள். பிறகு இரண்டு காலுறையையும் உருவி மேசைமேல் போட்டாள். வெறும் பாதத்தைத் தரையில் பரப்பி, விரல்களை ஒருதரம் ஆட்டிக் காட்டினாள். முகம் அப்போதும் கல்தான்.

"கீழ போ," என்றாள் ஹில்லாவிடம். "இன்னொரு ஆட்டம். இந்தத் தடவ ஒழுங்காப் பாரு."