அண்ணன் போட்ட சர்வர்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் முனகும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். வீட்டில் மட்டும் யார் பேசினாலும் காதில் ஏறாது. கூடப் பிறந்தவள் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் போர்டு வாங்கி வந்தான். வீட்டிலுள்ள படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால் அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாமாம். டிவிக்குப் பின்னால் அதை ஒட்டிவைத்தான்.

"இதுதான் நம்ம வீட்டு சர்வர். கரண்டே குடிக்காது. டிவியோட யூஎஸ்பி ஓட்டையிலயே சொருகிட்டேன், தனி சார்ஜர்கூட வேண்டாம்!" என்று பெருமை வேறு.

அதை நம்பி உட்கார்ந்தது அண்ணிதான். படிப்பை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகப் பரீட்சை எழுத ஆசைப்பட்டார். மொத்தம் அறுபது பாட வீடியோக்கள். அவர் போனில் இடமில்லை என்று அண்ணன் அத்தனையையும் சர்வரில் ஏற்றினான்.

பகலில் வேலையெல்லாம் முடித்து அண்ணி போனைத் திறந்தால் சர்வரைக் காணோம். சாயந்திரம் அண்ணன் வந்து டிவியைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஜோராக ஓடும். அண்ணியின் போனை வாங்கிப் பார்ப்பான், அதிலும் ஓடும்.

"ஓடுதே! நீ எங்கயோ தப்பா அமுக்கற."

"நேத்து அமுக்கின மாதிரிதாங்க அமுக்கினேன்."

மெமரி கார்டை மாற்றினான். குட்டி மின்விசிறி வைத்தான். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினான். மறுநாள் பகலில் அதே கதை. எனக்கும் தலை சுற்றியது. பேய் பிடித்த பெட்டியா இது? அண்ணி அமுக்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைத்து, பார்த்துப் பார்த்து அமுக்கினார். அப்போதும் வரவில்லை. ஒரு கட்டத்தில் நானே, "அண்ணி, வைஃபை போட்டிருக்கீங்கதானே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் நோட்டை மூடிவைத்தார். பிறகு சர்வர் வரவில்லை என்று எங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

போன வாரம் எனக்கு விடுமுறை. காலையில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணியின் போனில் பாடம் ஒன்றைப் போட்டேன், சமர்த்தாக ஓடியது. அண்ணன் வேலைக்குக் கிளம்பியவன் டிவியை அணைத்தான். டிவிக்குப் பின்னால் தெரிந்த சிவப்பு விளக்கும் கூடவே அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பாடம் நின்றது.

"டேய் அண்ணா, நில்லு! டிவியைத் திரும்பப் போடு!"

போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்தான், அணைந்தது. நாலு தடவை செய்து பார்த்தான். டிவி அணைந்தால் சர்வருக்கும் சோறு கிடையாது. இந்த மேதை சரிபார்க்கும்போதெல்லாம் முதல் வேலையாக டிவியைப் போட்டிருக்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அவனோ துள்ளினான். "அட, இவ்வளவுதானா! இன்னிக்கே தனி சார்ஜர் போட்டுடறேன். பரீட்சைக்குள்ள அறுபதையும் முடிச்சிடலாம்."

அண்ணி என் கையிலிருந்த தன் போனை வாங்கி மேசைமேல் வைத்தார். "நான் விண்ணப்பமே போடலைங்க. நேத்தோட கடைசி தேதி முடிஞ்சிடுச்சு."

"ஏன்?"

"ஒரு வீடியோ போடத் தெரியல, எனக்கெதுக்குப் பரீட்சைன்னு விட்டுட்டேன்."

அண்ணன் முகம் செத்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான்.

"ரெண்டு மாசமா சொன்னேங்க" என்றார் அண்ணி.