மழைக்காரி

மிசாவோ பிறந்த அன்று மழை. பள்ளி விளையாட்டு விழாவில் அவள் ஓடவேண்டிய நேரம் பார்த்து மழை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பு மிதந்துபோகிற அளவுக்கு மழை. அவள் ஊரான தொத்தோரியில் மழை பெய்வது காக்கை கறுப்பாக இருப்பது மாதிரி சாதாரண சங்கதி. "சோத்துப் பொட்டலத்த மறந்தாலும் குடைய மறக்காதே" என்று சொல்லித்தான் அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இருந்தும் ஊருக்கெல்லாம் பெய்த மழையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டார்கள். மழைக்காரி, அவள் கால் வைத்தால் வானம் பொத்துக்கொள்ளும் என்று பேர். நம் பக்கமாக இருந்தால் அப்படி ஒருத்தியைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அவள் போய்ப் பிறந்த இடம் அப்படி.

போதாக்குறைக்கு அவளுக்கு வாய்த்த வேலை சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடிப்பது. நீலத் தொப்பி, வெள்ளைக் கையுறை, மாறாத சிரிப்பு. மணல்மேடு, அதில் ஒட்டகச் சவாரி, கடலோரப் பாறைகள், பேரிக்காய் ஐஸ்கிரீம், கடைசியாகத் தைசென் மலை தெரிகிற மேடு. பத்தொன்பது வருஷமாக அந்த மேட்டில் நின்று, "அந்த மேகத்துக்குப் பின்னால மலை இருக்குங்க, என்னை மன்னிக்கணும்" என்று குனிந்து குனிந்து அவளுக்கு முதுகுவலியே வந்துவிட்டது. மலை நிஜமாகவே இருக்கிறதா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும்.

ஆனாலும் அந்த மைக் அவளுக்கு உயிர். வீட்டில் அவள் எது சொன்னாலும் புருஷன் டிவியைப் பார்த்தபடியே "ம்" என்பான். பஸ்ஸில்தான் அவள் வாயைத் திறந்தால் ஒரு பஸ் நிறைய ஜனம் நிமிர்ந்து பார்க்கும். அந்த மைக்குக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மேனேஜர் அதாச்சி எதையும் நேராகச் சொல்கிற ஆள் இல்லை. காலையில் பஸ் கிளம்பும் நேரத்தில் வந்து, மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பல் இடுக்கு வழியாகக் காற்றை இழுத்தார்.

"மிசாவோம்மா, நம்ம கம்பெனி ஊறுகாய்க் கடையில உங்கள மாதிரி அனுபவசாலி ஒருத்தர் இருந்தா நல்லாருக்குமேன்னு ஒரு எண்ணம்."

"கடையில ஏற்கெனவே மூணு பேர் சும்மா உக்காந்திருக்காங்களே சார்."

"அதுவும் சரிதான். பாப்போம். இன்னைக்கு ஒசாகாக்காரங்க வர்றாங்க, வருஷா வருஷம் வர்ற கூட்டம். போன தடவை மலை தெரியலைன்னு அவங்க தலைவர் போன்ல ரொம்ப வருத்தப்பட்டாரு. இன்னைக்கு மட்டும் வெயில் அடிச்சுட்டா, கடைப் பேச்சை நானே மறந்துடுவேன்."

சொல்லிவிட்டு, மழையை விரட்டுவதற்காகக் கட்டுகிற வெள்ளைத் துணிப் பொம்மை ஒன்றைச் சரியாக அவள் இருக்கைக்கு மேலே தொங்கவிட்டுப் போனார். மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேகத்தை அவள் என்ன முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டா அலைகிறாள்? ஆனால் வாயில் வந்தது, "ரொம்ப நன்றி சார்" என்பதுதான்.

டிரைவர் மொரிசுகே கண்ணாடியில் பொம்மையைப் பார்த்தார். "தங்கச்சி, அதுக்கு இப்பவே மூஞ்சி வாடிப்போச்சே."

"அண்ணே, பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுங்க. இல்லேன்னா அதையும் என் கணக்குல எழுதிடுவாங்க."

ஒசாகாக் கூட்டம் ஏறும்போது நல்ல வெயில். மணல்மேட்டில் இறங்கும்போதும் வெயில். ஒட்டகத்தில் உட்கார்ந்து கிழங்கள் கூத்தடித்துப் படம் எடுத்துக்கொண்டன. மிசாவோ நொடிக்கொரு தரம் வானத்தைப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கடலோரம் கடந்தாயிற்று, ஐஸ்கிரீமும் ஆயிற்று. பிழைத்தோம் என்று ஒரு பெருமூச்சு விட்டாள். பஸ் மலைமேட்டுக்குத் திரும்புகிற வளைவில் கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மேட்டில் பஸ் நின்றது. வெளியே மலையும் இல்லை, வயலும் இல்லை, வேலிக்கம்பிகூடத் தெரியவில்லை. ஊறுகாய்ப் புட்டிகள் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. மிசாவோ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் ஒரு மழைக்காரி. என்னாலதான் இப்படி ஆயிடுச்சு."

முன் இருக்கையிலிருந்து கூட்டத்தின் தலைவர் ஒதாகிரி எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போன தடவை போன் செய்தவர். மிசாவோ இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தாள்.

"இல்லம்மா, நீங்க மன்னிக்கணும். மழைக்காரன் நான்தான். எங்க ஸ்கூல் சுற்றுலா ஒண்ணுகூட நனையாம முடிஞ்சதில்ல. போன வருஷமும் நான் வந்ததாலதான் மலை தெரியல. அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் மேனேஜருக்குப் போன் பண்ணினேன்."

"சார், நீங்க ஏன் பழியை ஏத்துக்கிறீங்க?" பின்னாலிருந்து தமாயே என்ற அம்மாள் எழுந்தாள். "என் நாலு பிள்ளைங்க கல்யாணத்துலயும் மழை. நான்தான்."

"அட, நீங்கள்லாம் தூறல். நான் ஃபூஜி மலைக்குப் போனப்ப புயலே வந்துச்சு!"

"நான் குடை புதுசா வாங்கினேன், அதான்..."

பஸ் முழுக்க எழுந்து நின்று மாறி மாறிக் குனிந்தது. ஒருவர் தலை இன்னொருவர் தலையில் முட்டியது. அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மிசாவோவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பத்தொன்பது வருஷம் சுமந்த பழி. இத்தனை பேர் ஆளுக்கொரு வீட்டில் இதே பழியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் மட்டும் தன் ஒருத்திக்காகத்தான் மேகம் ஓடி வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போதும்!" என்றாள் மைக்கில். அப்படி ஒரு சத்தம் அந்த மைக்கிலிருந்து வந்ததே இல்லை. "எல்லாரும் உக்காருங்க. இது மழை ஊரு, அதனால பெய்யுது. மலை அங்கதான் இருக்கு, எங்கயும் ஓடிப்போகல. இன்னைக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். முகத்தில் என்னவோ காய்ச்சல் விட்ட மாதிரி ஒரு தெளிவு. மொரிசுகே மட்டும் தோள் குலுங்கச் சிரித்தார்.

நிலையத்தில் மேனேஜர் குடையோடு காத்திருந்தார். மிசாவோவைப் பார்த்த பார்வையிலேயே ஊறுகாய் மணத்தது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ஒதாகிரி இறங்கி அவர் முன்னால் குனிந்தார். "நான் மழைக்காரன், உங்க பயணத்தைக் கெடுத்துட்டேன், மன்னிக்கணும்." அடுத்து தமாயே, அவளுக்குப் பின்னால் புயல்காரர். பஸ்ஸே வரிசையில் நின்றது.

வாடிக்கையாளர் தன் முன்னால் குனிந்து நிற்பதைவிட மேனேஜருக்கு வேறு நரகம் கிடையாது. விருந்தாளி மேல் பழி போகக்கூடாது. அவர்கள் முன்னால் தன் ஆளைக் காட்டிக்கொடுப்பதும் முறை இல்லை. அதாச்சி வேர்த்தார். பல் இடுக்கில் காற்றை இழுத்துப் பார்த்தார். கடைசியில் குடையைக் கீழே போட்டுவிட்டு, எல்லாரையும்விடத் தாழக் குனிந்தார்.

"ஐயோ, நீங்க யாருமே இல்லீங்க. மழைக்காரன் நான்தான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"அப்போ ஊறுகாய்க் கடைக்கு யாரு சார் போறது?" என்றார் மொரிசுகே, யாரையும் பார்க்காமல். அதாச்சி நிமிரவே இல்லை.

மறுநாள் காலை அந்தத் துணிப் பொம்மை மேனேஜரின் நாற்காலிக்கு மேலே தொங்கியது. யார் கட்டினார்கள் என்று அவரும் கேட்கவில்லை. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. மிசாவோ பஸ்ஸில் ஏறிக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கை எடுத்தாள். வழக்கமாக அவள் குனிகிற நேரம் அது. அவள் குனியவில்லை.

"எல்லாருக்கும் காலை வணக்கம். வெளியில மழை. குடைய எடுத்துக்குங்க, போகலாம்."