காட்டாத பிள்ளைகள்

பம்பாயில் யாரும் எதையும் கேட்பதில்லை. இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஏழு வயது மகன் செல்வத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினால், நசுங்கி நிற்கிற கூட்டம் எப்படியோ ஒதுங்கி அவனுக்கு அரை சீட் தரும். இவ்வளவு பெரிய பையனை ஏன் சுமக்கிறாய் என்று ஒரு வாய் கேட்காது. நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஏழு பேர் காரணம் கேட்டிருப்பார்கள், எட்டாவது ஆள் என் பெண்டாட்டியின் வம்சத்தையே இழுத்திருப்பார்.

செல்வம் இங்கே தாராவியில் பிறந்தவன், ஊரைப் பார்த்ததில்லை. நாலு வயதில் விழத் தொடங்கினான். தரையிலிருந்து எழ வேண்டுமானால் தன் தொடைகளையே பிடித்துப் பிடித்து மேலே ஏறுவான். நான் தோல் பை தைக்கும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். கடைசியில் ஒரு மராட்டி டாக்டரம்மா, தசை கரைகிற நோய், அபூர்வமானது, மருந்து இல்லை என்றார். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. "ஒரு பிள்ளையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தில்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் ஒரே ஒரு நாள் வருகிறார். இதே நோயுள்ள ஐந்து வீடாவது கூடினால்தான் இந்த வேலையை எடுப்பார்" என்று இந்தியில் சொன்னார்.

இன்னொரு வீடு எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் அத்தை வீட்டில் நான் பெண் எடுத்தேன், அதே வீட்டுக்கு என் தங்கை பேச்சியைக் கொடுத்தோம். சொத்தும் சொந்தமும் வெளியே போகாது என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். பேச்சி வடாலாவில் இருக்கிறாள். அவளுடைய இளைய மகள் வள்ளியும் தொடையைப் பிடித்துத்தான் எழுகிறாள். மற்ற மூன்று வீடுகளைச் சந்து சந்தாகக் கெஞ்சிக் கண்டுபிடித்தேன். பிள்ளைகளைத் தூக்கி வாருங்கள் என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆராய்ச்சிக்காரர் வந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் பிடித்திருந்த ஹாலுக்கு நாலு வீட்டாரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். புதுச் சட்டை, தலை நிறைய மல்லிகை, ஒருத்தி கையில் முறுக்கு டப்பா வேறு. அவர்கள் அழைத்து வந்திருந்ததோ திடகாத்திரமான பிள்ளைகளை. என் இடுப்பிலிருந்த செல்வத்தைத் தவிர நோயாளிப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பெரிய மனிதர்கள் குடும்பத்தைப் பார்க்க உட்கார்ந்தால் நல்லதை முன்னே நிறுத்துவதும் குறையுள்ளதை உள் அறையில் வைப்பதும் நமக்கு இரத்தத்தில் ஊறியது.

டாக்டரம்மா ஊசிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "பாக்கி பேஷண்ட் கிதர் ஹை?" என்று மற்ற நோயாளிகள் எங்கே எனக் கேட்டார்.

"கர் மே" என்றேன், வீட்டில் என்று.

"க்யோன்?" ஏன் என்று கேட்டார்.

இதை எந்த மொழியில் விளக்குவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பேச்சியை ஓரமாக இழுத்துப் போனேன்.

"வள்ளி எங்க பேச்சி?"

"வீட்ல பூட்டி வச்சிட்டு வந்திருக்கேன். மூத்தவளுக்கு அசலூர்ல மாப்ள அமைஞ்சிருக்குண்ணே. நாலு பேரு முன்னால சின்னவளத் தூக்கிட்டு வந்தா, சேதி அங்க போயிராதா?"

"தில்லிக்காரரு சாயங்கால ரயிலுக்குப் போயிருவாரு. ஒங்கால்ல விழட்டுமா?"

"விழாதிய. கூட்டியாரேன். ஆனா ஊர்ல கல்யாணத்துக்கு நீங்க மட்டும் வரணும். செல்வத்தப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. சம்மதமா?"

யோசிக்கவில்லை. "சம்மதம்" என்றேன்.

வள்ளியை இடுப்பில் சுமந்து பேச்சி ஹாலுக்குள் நுழைந்ததும், மற்ற மூன்று அம்மாமார்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். மூன்று மணிக்குள் ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். தன்னைப் போல இன்னொரு பிள்ளையைச் செல்வம் அன்றுதான் பார்த்தான். அவனும் வள்ளியும் தரையில் உட்கார்ந்து, யார் முதலில் எழுந்து நிற்பது என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். நான் ஆராய்ச்சிக்காரரிடம், இவர்களுக்குக் குணமாகிவிடுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். இவர்களுக்கு என்னால் வாக்குத் தர முடியாது, இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்காவது வழி தெரியலாம் என்றார்.

வைகாசியில் ஊரில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணமேடை ஏது? தனியாகப் போனேன், மாலை எடுத்துக் கொடுத்தேன். பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து, "பம்பாய் மாமாவுக்கு எத்தன பிள்ளைய?" என்றார். பேச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றேன். மானங்கெட்ட வாய், தடுமாறக்கூட இல்லை.

அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டு, தங்கள் சாமியின் திருநீற்றைத் தாளில் மடித்துத் தந்தார். "பொண்டாட்டிக்குப் பூசி விடுங்க. அடுத்த கோயில் கொடைக்கு ஆம்பளப் பிள்ளையோட வருவிய."

பொட்டலத்தை வழியில் எங்கும் போட மனம் வரவில்லை. தாராவிக்கு வந்து குளித்துவிட்டு, செல்வத்தின் நெற்றியில் பூசினேன்.

"யாருப்பா குடுத்தாங்க?"

"நம்ம ஊர்ல ஒரு ஆச்சி."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்லே" என்றேன்.