அப்பா திருப்பிக் கொடுத்த டீ ஸ்கொயர்கள்

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று தச்சு வேலை ஆசை வந்துவிட்டது. கைப்பேசியில் யார் யாரோ அலமாரி செய்வதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று செய்யப் போவதாகக் கிளம்பியிருக்கிறார். வீட்டில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர். போன ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே கெலாங் பாத்தா டவுனில் சாமான் வாங்கப் புறப்பட்டபோது, "அப்படியே ஒரு டீ ஸ்கொயர் வாங்கிட்டு வந்துரு லா. எதுவா இருந்தாலும் பரவால்ல" என்றார். எதுவாக இருந்தாலும் பரவாயில்லையாம்!

பேரங்காடியின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய ஹார்ட்வேர் கடை. ஒரு சுவர் முழுக்க டீ ஸ்கொயர்கள், அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கில் அடைபட்டுத் தொங்கின. நீங்களும் அந்தச் சாமானைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நீளத் தகடு, அதன் தலைமாட்டில் குறுக்கே ஒரு கட்டை. பலகையின் ஓரத்தில் கட்டையை ஒட்டி வைத்தால் தகடு நேர் குறுக்காகப் படுக்கும். தகட்டை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு. அவ்வளவுதான் அதன் வேலை. அங்கே நின்ற பெண்ணிடம், "ஒன்ன மட்டும் பிரிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "பிரிச்சா வாங்கித்தான் ஆகணும் ஆன்ட்டி" என்றாள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கிடைக்கவில்லையா என்று அவர் கேட்டபோது, "நல்லதா ஒன்னும் இல்ல" என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் அப்பா சொல்கிற பேச்சு என்று உறைத்தது. அன்றைக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை.

இந்தப் பெரிய கடைகளில் எனக்கு ஒரு குறை, வாசனையே கிடையாது. குளுவாங்கில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஹார்ட்வேர் கடையை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே மூக்கால் கண்டுபிடித்துவிடலாம். தின்னர், தேங்காய்நார்க் கயிறு, புது ரப்பர் குழாய், ஆணிப் பெட்டிகளில் தடவிய எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு நெடி. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா என்னைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார். "பொம்பளப் பிள்ள மேல பெயிண்ட் கடை வாசன வருது பாரு" என்று தினமும் ஒரு பாட்டு. எனக்கோ அந்த நெடி பிடித்துப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்தவள், முடிவு வந்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டேன். முடிவு அப்படி. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

கடை முதலாளி ஒரு வயதான சீனர். தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் என்னை அமோய் என்பார். சீனப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல். எனக்கும் அதே மரியாதை கிடைத்தது. முதல் மாதம் நான் ஆணி கேட்டவர்களுக்குத் திருகாணியும் திருகாணி கேட்டவர்களுக்கு வேறெதையோவும் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அலாமாக்!" என்று தலையில் கை வைப்பாரே தவிர, ஒருநாளும் அவர் என்னைத் திட்டியதில்லை.

அப்பா லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து வேலையை விட்டு வந்தபிறகு, குளுவாங்கின் எல்லையில் இருந்த ஒரு மேசை நாற்காலிப் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் வேலை கோடு போடுவது மட்டும்தான். பலகை வரும், அளவு பார்த்துக் கோடு போடுவார், ரம்பத்துக்கு அனுப்புவார். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கோடு போடுகிறவர் தன் டீ ஸ்கொயரைத் தானே தேடி வாங்கி வரவேண்டும். பட்டறை வாங்கிக் கொடுத்ததை எவரும் சீண்டமாட்டார்கள். ஓர் ஆளின் ஸ்கொயரை இன்னோர் ஆள் தொடவும் மாட்டார். ஓர் அலமாரிக்கு வேண்டிய பலகை அத்தனைக்கும் ஒரே ஸ்கொயர்தான். பாதியில் மாற்றினால் கதவு சட்டத்தில் உட்காராது என்பார்கள்.

ரம்பத்தில் நின்றவர் ஜோசப் அங்கிள். அப்பாவின் கூட்டாளி, கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்புகிறவர். "உங்கப்பா கோடு போட்டா நான் கண்ண மூடிக்கிட்டு அறுப்பேன்மா" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். விரல்கள் எல்லாம் பத்திரமாக இருந்த ரம்பக்காரர் அவர். அதனால் அந்தப் பேச்சை அப்படியே நம்பத் தேவையில்லை.

அப்பாவின் பழைய ஸ்கொயர் ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்து கட்டை ஆடத் தொடங்கிவிட்டது. புதிது வாங்க என் கடைக்கே வந்தார். மகள் வேலை பார்க்கிற கடை என்பதால் வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி, திருநீறு வைத்துக்கொண்டு வந்தார். அவர் சாமான் பார்த்த விதத்தை வாடிக்கையாளர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். அலுமினியத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. எஃகுத் தகடுதான் வேண்டும். எண்கள் வெறும் சாயமாக இருந்தால் கூடாது, தகட்டில் வெட்டி எழுதியிருக்க வேண்டும். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கட்டையையும் தகட்டையும் இரண்டு கையில் பிடித்து முறுக்கினார். பிறகு ஒரு துண்டு ஒட்டுப்பலகை கேட்டு வாங்கி, கோடு போட்டு, ஸ்கொயரை அப்படியே புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும், விரிந்தால் சாமான் கோணல். கடைசியாகத் தகட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கி, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் அதன் விளிம்போடு ஒரு பார்வை. அந்தப் பார்வைதான் தீர்ப்பு.

இருந்ததில் தேவலாம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை அதைத் திருப்பிக்கொண்டு வந்தார். "நடுவுல வளையுதும்மா. இத வெச்சு வேல செய்ய முடியாது." தவுக்கே வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. அடுத்ததும் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அங்கிருந்து ஒன்று வரவழைத்தார், அதையும் எங்கள் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இதுவும் அப்படித்தான் இருக்கு. நல்லதா ஒன்னும் இல்ல" என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளில் கடை மூடியதும் ரயில் நிலையத்துக் காப்பிக்கடைக்கு என்னைக் கூட்டிப்போவார். கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி, காயா ஜாம் தடவிய ரொட்டி. தனக்கு வந்த கோப்பியில் மேலும் ஒரு கரண்டி சீனி போட்டுக்கொள்வார். "இப்பல்லாம் சாமான் செய்யிறவன் எவனும் ஒழுங்கா செய்யிறதில்லம்மா" என்று ஆரம்பித்தால் ரயில் வந்து போகிறவரை அதே பேச்சுத்தான். நானும் தலையாட்டுவேன். தவுக்கே மட்டச் சரக்கை அப்பாவின் தலையில் கட்டுகிறாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது.

தவுக்கேயிடம் அதை முகத்தில் காட்டியும்விட்டேன் போலிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டு, அப்பா திருப்பிக் கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகக் கல்லாவின் கண்ணாடிமேல் கிடத்தினார். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இடையில் வெளிச்சம் வரவில்லை. "லுருஸ் லா, அமோய். செமுவா லுருஸ்" என்றார். எல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்கிறார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே ஜோசப் அங்கிள் கடைக்கு வந்தார். எதையும் வாங்க வரவில்லை. ஆணிப் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே பேசினார். பள்ளிக்கூடத்து அலமாரிகளுக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறதாம். அப்பா போடுகிற கோடுகளில் பாதி கோணலாக இருக்கிறதாம். "முன்னாடியெல்லாம் நானே பாத்து சரி பண்ணி அறுத்துருவேன். இப்ப மேல்பார்வை பாக்கிற மண்டோருக்குத் தெரிஞ்சு போச்சு. இன்னொரு தடவ பலகை கெட்டா ஆள மாத்திருவேன்னு சொல்லிட்டாரு. உங்கப்பாகிட்ட நான் எப்படிம்மா சொல்றது? நீ சொல்லு."

நான் எப்படிச் சொல்வது? பட்டறையில் கோடு போடுகிற அந்த மேசைதான் அப்பா. தோட்டத்தில் யாருக்கும் பெயர் தெரியாத ஆளாக இருந்தவர், இங்கே வந்துதான் "கோடு மணியம்" ஆனார். அதை இழந்தால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை வந்தார். புதிதாக வந்த ஒரு ஸ்கொயரை எடுத்து, முறுக்கி, சுரண்டி, புரட்டிக் கோடு போட்டு, கண்ணுக்கு நேரே தூக்கினார். "வளையுது பாரு. இதுவும் நடுவுல வளையுது."

"அந்தக் கண்ணுல பாருங்கப்பா."

"எந்தக் கண்ணு?"

"எப்பவும் மூடிக்குவீங்களே, அந்தக் கண்ணு."

சிரித்தார். "அதுல பாத்துப் பழக்கமில்லம்மா." ஆனாலும் மகள் கேட்டதற்காக வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். கையை எடுத்துவிட்டு மறுபடி வலக்கண்ணால் பார்த்தார். மறுபடி இடக்கண். ஸ்கொயரை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தார். அதோடு நிற்கவில்லை. கூரையில் எரிந்த குழல்விளக்கை ஒரு கண்ணால் பார்த்தார், பிறகு மற்றதால். கதவின் நிலையைப் பார்த்தார். பெயிண்ட் டின்கள் அடுக்கியிருந்த பலகையின் விளிம்பைப் பார்த்தார். கடையில் நேராக இருந்த ஒவ்வொன்றையும் கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தபடி ஒரு சுற்று வந்தார். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் அழக்கூடாது என்று சில்லறைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து, "எல்லாம் வளைஞ்சுதாம்மா இருக்கு" என்றார்.

பிறகு, தான் முதலில் திருப்பிக் கொடுத்த அந்த ஸ்கொயர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "நல்ல சாமான் இது" என்று அதையே வாங்கிக்கொண்டார். தவுக்கேயைப் பார்த்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். "தாக் அப்பா லா", பரவாயில்லை என்று தவுக்கே கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் கோப்பி குடிக்கப் போகவில்லை.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணுக்குப் போய்விட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உடம்பில் இனிப்பு நீர் இருப்பதே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் மற்றதன் கோளாறை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. சாதாரண ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலே போயிருக்குமாம். ஜொகூர் பாருவுக்கு அலைந்து லேசர் வைத்தோம். வலக்கண் மீளவில்லை. புது ஸ்கொயரை அப்பா ஒருநாள்கூடப் பயன்படுத்தவில்லை. வாங்கிய அடுத்த திங்கட்கிழமையே அதை ஜோசப் அங்கிளிடம் கொடுத்துவிட்டு, மண்டோர் வாய் திறப்பதற்குள் தானே போய் வேறு வேலை கேட்டிருக்கிறார். அலமாரிகளுக்கு அட்டை சுற்றிக் கயிறு கட்டுகிற இடத்தில் போட்டார்கள். சில வருடங்களில் மற்றக் கண்ணும் மங்கியது. வீட்டோடு இருந்தார். என் கல்யாணத்தன்று என் முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தார்.

பட்டறையில் கெட்டுப்போன பலகைகளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்பா கெடுத்த பலகைகளில் சிலவற்றை ஜோசப் அங்கிள் எங்கள் வீட்டு வாசலுக்குச் செருப்பு வைக்கிற தட்டாக அடித்துக் கொடுத்திருந்தார். வருடக்கணக்காக அதில் செருப்பைக் கழற்றிப் போட்டேனே தவிர, உற்றுப் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்று வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். மேல்தட்டில் இரண்டு பென்சில் கோடுகள். ஒன்று மெல்லியது, ஸ்கொயரை வைத்துப் போட்டது, பலகை ஓரத்துக்குச் சரியான குறுக்காக இருந்தது. அதன்மேல் அழுத்தி ஒரு பெருக்கல் குறி. பக்கத்திலேயே கண்ணை நம்பித் திருத்திப் போட்ட இன்னொரு கோடு, கோணலாக, கறுப்பாக. சரியான கோட்டைத்தான் அவர் அடித்திருக்கிறார்.

ஜோசப் அங்கிளும் பார்த்துவிட்டார். பக்கத்தில் குந்தி, கட்டைவிரலால் அந்தக் குறியைத் தேய்த்துப் பார்த்தார். "அப்பவே இழைச்சு எடுத்திருக்கணும் நானு" என்றார். நான் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோடு போடுகிறவர் வேலை அப்படி. நல்ல கோட்டின் மேலே ரம்பம் போகும், கோடு தூளாகிவிடும். அப்பா அத்தனை வருடம் சரியாகப் போட்ட கோடுகளில் ஒன்றும் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அறுக்கப்படாமல் தங்கியது கெட்டுப்போனது மட்டும்தான். நான் கெலாங் பாத்தாவுக்கு வந்த பிறகு குளுவாங் வீடு பூட்டிக் கிடந்தது. விற்கப் போனபோது செருப்புத் தட்டு நின்ற இடத்தில் கரையான் மண்தான் இருந்தது. கை வைத்ததும் உதிர்ந்தது. அப்பா போட்ட ஒரு கோடுகூட இப்போது என்னிடம் இல்லை. சரியானதும் இல்லை, தப்பானதும் இல்லை.